காத்மாண்டுவா? கண்டியா? காரைக்காலில் இருந்து ஒரு வரலாற்றுக் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று எங்கள் குழுவில் பதினோரு பேர். வருடத்துக்கு ஒருமுறை எங்காவது போய்வருவது வழக்கம். இந்த முறை, கால் நடக்கும்போதே ஒரு தடவையாவது வெளிநாடு பார்த்துவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. காரைக்காலில் பிறந்தவர்களுக்கு மேடு என்றால் அரசலாற்றுப் பாலம்தான். அதனால் மலை வேண்டும் என்றார்கள். வெறும் குளிர் மட்டும் போதாது, கோயில், அரண்மனை, திருவிழா என்று பார்க்க விஷயமும் வேண்டும் என்றார்கள். சலித்துச் சலித்துக் கடைசியில் நின்றவை இரண்டு ஊர்கள். நேபாளத்தின் காத்மாண்டு, இலங்கையின் கண்டி. காத்மாண்டுக்கு ஆறு பேர், கண்டிக்கு நான்கு பேர். "நீங்கதானே சோசியல் எடுத்தவர், ரெண்டு ஊர் சரித்திரத்தையும் சொல்லுங்க, அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்று என்னிடம் விட்டார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் எனக்குச் சொல்ல வரும். அப்படியே சொல்கிறேன்.

முதலில் காத்மாண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு. அதற்குள் மல்ல அரசர்கள் காலத்தில் மூன்று தனி ராஜ்ஜியங்கள் இருந்தன. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர். ஒருவர் கோபுரம் கட்டினால் மற்றவர் அதைவிட உயரமாகக் கட்டுவார். அந்தப் போட்டியில் நமக்குக் கிடைத்ததுதான் செங்கல்லும் மரமுமாக நிற்கும் அரண்மனை முற்றங்கள். அவற்றோடு பசுபதிநாதர் கோயில், சுயம்புநாத், பௌத்தநாத் ஸ்தூபிகள் எல்லாவற்றையும் சேர்த்து யுனெஸ்கோ 1979-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பல இடிந்தன. ஊருக்குப் பெயர் தந்த காஷ்டமண்டபமே தரைமட்டமானது. பிறகு அதைப் பழைய முறையிலேயே திரும்பக் கட்டி எழுப்பினார்கள்.

நம் ஊருக்கும் அந்தத் திசைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கயிலாயம் போகிறவர்கள் பலருக்கு காத்மாண்டுதான் வாசல். காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து கயிலை சேர்ந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கும் ஊர்க்காரர்களுக்கு வடக்கே பார்த்ததும் மனம் இழுப்பது இயல்பு. ஆறு ஓட்டு விழுந்ததற்கு அதுவும் காரணம். பாஸ்போர்ட் இல்லாமல் வாக்காளர் அட்டையோடு போகலாம் என்பது இன்னொரு காரணம்.

அடுத்து கண்டி. உயரம் ஏறத்தாழ 500 மீட்டர்தான். மூன்று பக்கம் மகாவலி ஆறு, சுற்றிலும் மலை. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நடுவில் ஏரி, ஏரிக்கரையில் புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகை. காத்மாண்டுவைப் போலக் கண்ணைப் பறிக்கும் கட்டடங்கள் இங்கே அத்தனை கிடையாது. கண்ணுக்கு மட்டும் என்றால் காத்மாண்டுவுக்கே என் ஓட்டு.

ஆனால் இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. இரண்டுமே மலையை அரணாக வைத்து வெள்ளைக்காரனை நெடுநாள் வெளியே நிறுத்திய ராஜ்ஜியங்கள். இரண்டுக்கும் சோதனை வந்தது ஒரே சமயத்தில், 1814 முதல் 1816 வரை.

நேபாளத்தின் மீது ஆங்கிலேயக் கம்பெனி 1814-ல் போர் தொடுத்தது. நாலாபானிக் கோட்டைச் சண்டையில் ஜெனரல் கில்லஸ்பியே செத்தார். கடைசியில் நேபாளம் தோற்றது. 1816-ல் சுகௌலி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. குமாவுன், கட்வால் எல்லாம் போயின. ஆனால் காத்மாண்டுவின் சிம்மாசனம் தப்பியது. ஒரு ஆங்கிலேய ரெசிடெண்டை வைத்துக்கொண்டு மற்றபடி கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கண்டியின் கதை வேறு. போர்த்துகீசியரை 1594-ல் தந்துரையில், 1630-ல் ரந்தெனிவெலவில், 1638-ல் கன்னொருவையில் அடித்துத் துரத்திய ராஜ்ஜியம் அது. 1803-ல் ஆங்கிலேயர் கண்டிக்குள் புகுந்து, முத்துசாமி என்பவரை அரசராக்கி, மேஜர் டேவியின் கீழ் ஒரு படையை விட்டுச் சென்றார்கள். அந்தப் படை அழிந்தது. காட்டையும் கணவாயையும் காய்ச்சலையும் வெள்ளைக்காரனால் வெல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து 1815-ல் பெரிய சண்டை எதுவும் இல்லாமலே கண்டி விழுந்தது. அரசருக்கும் பிரதானிகளுக்கும் பகை முற்றியிருந்தது. பிரதானி எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போனார். அரசர் அவருடைய மனைவி மக்களைக் கொல்வித்தார். ஊரே அரசரை வெறுத்தது. 1815 மார்ச் 2-ல் பிரதானிகள் கையெழுத்துப் போட்டு நாட்டைப் பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தக் கடைசி அரசர் யார் தெரியுமா? பட்டப் பெயர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி.

எப்படி ஒரு கண்ணுசாமி கண்டிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்? கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்து வந்தார்கள். வீர நரேந்திரசிங்கன் வாரிசு இல்லாமல் 1739-ல் இறந்தபோது, அவருடைய பட்டத்து ராணியின் தம்பி அரசரானார். அவருக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாகக் கண்ணுசாமி. தெலுங்கு வழியில் வந்து தமிழும் பேசிய நால்வர், 76 ஆண்டுகள் சிங்கள பௌத்த ராஜ்ஜியத்தை ஆண்டார்கள்.

1739 என்ற வருடத்தைக் கவனியுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்காலைப் பெற்ற வருடமும் அதுவே. நாம் பிரெஞ்சு ஆட்சிக்குள் போன வருடத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் கண்டி அரசரானார். ஒரே காலக்கோட்டில் இரண்டையும் குறித்துப் பாருங்கள், பிள்ளைகளே.

பிரெஞ்சுக்காரர்களும் கண்டியைக் குறிவைத்தவர்கள்தான். 1672-ல் டி லா ஹே என்ற தளபதி கப்பற்படையோடு திருகோணமலைக்கு வந்து, டச்சுக்காரரை எதிர்த்து நட்புக்கொள்ளக் கண்டிக்குத் தூது அனுப்பினார். தூது போன லானெரோல் நடந்துகொண்ட விதம் அரசர் இரண்டாம் ராஜசிங்கனுக்குப் பிடிக்கவில்லை. ஆளைத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் உண்டு. திருகோணமலையில் நிலைக்க முடியாத அந்தப் படை சாந்தோமைப் பிடித்தது, அதையும் 1674-ல் இழந்தது. அந்த நெருக்கடியில்தான் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். அதற்கு 65 ஆண்டு கழித்துக் காரைக்கால். திருகோணமலையும் கண்டியும் கைகூடியிருந்தால் நம் ஊர்த் தெருக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கண்டியில் நம் கண்ணுக்குப் படவேண்டியவை இன்னும் உண்டு. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் இலங்கையில் முறைப்படி துறவு பெற்ற பிக்குகளே இல்லாத நிலை. அவர் சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753-ல் அந்த மரபை மீட்டார். நெற்றியில் திருநீறு பூசுகிறவர் என்று குறை சொல்லி, 1760-ல் அவரைக் கொல்லவே சதி நடந்தது. அப்படிப்பட்டவர்தான் பௌத்தத்துக்கு மறுவாழ்வு தந்தார். கண்டிப் பெரஹராவில் தலதா பேழை முதலில் வருவதும் அவர் ஏற்படுத்திய முறை. அதற்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். கதிர்காமர் நம் முருகன். பத்தினி வேறு யாருமல்ல, கண்ணகி. நம் ஊரிலிருந்து தரங்கம்பாடி தாண்டிப் போனால் வரும் பூம்புகாரில் பிறந்த பெண். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை அரசன் கயவாகு வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நாம் பூம்புகாருக்குச் சுற்றுலாப் பேருந்தில் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். அங்கே அவளுக்கு ஆண்டுதோறும் யானை மேல் ஊர்வலம்.

கண்டிக்குப் பக்கத்தில் கடலாதெனிய என்று ஒரு பௌத்த விகாரை. 1344-ல் கட்டியது. கருங்கல்லில், பார்த்தால் நம் சிவன் கோயில் சாயல். கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி.

இவ்வளவும் ராஜா, கோயில் கதை. எனக்கு இதைவிட முக்கியமான கதை இனிமேல்தான்.

கண்டி விழுந்ததும் ஆங்கிலேயர் செய்த முதல் வேலை ரோடு போட்டது. 1820-ல் கொழும்பு கண்டிச் சாலையைத் தொடங்கினார்கள். 1867-ல் ரயிலே வந்துவிட்டது. மலைக்காடுகளை அழித்துக் காப்பி போட்டார்கள். காப்பி நோயில் அழிந்ததும் தேயிலை போட்டார்கள். வேலைக்கு ஆள்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், நம் தஞ்சை மாவட்டம். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் "துண்டு" என்ற சீட்டாக ஆளோடு கூடவே தோட்டம் தோட்டமாகப் போகும். தொடக்க காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் காட்டு வழியில் நடந்தே போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது.

அதே காலத்தில் நம் காரைக்கால் துறையிலிருந்தும் கப்பல் போனது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு. நேபாளத்து மலையிலிருந்து கூர்க்காக்கள் வெள்ளைக்காரனின் பட்டாளத்துக்கு இறங்கி வந்தார்கள். நம் சமவெளியிலிருந்து சனங்கள் கண்டி மலைக்குக் கூலியாக ஏறினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா ஆனார்கள்.

இனி 20-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தலைமுறைகளாக மலையில் உழைத்த தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு அடுத்த தேர்தலில் ஓட்டு இல்லை. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். விண்ணப்பம் போட்டார்கள், உண்மைதான். ஆனால் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற கணக்கு முன்பே முடிந்துவிட்டது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுமையானது. அப்போது இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்கலாம். எழுதாதவர்கள் இந்தியர். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி சும்மா இருந்தார். இன்று ஒரு கிளை பாரீசில், ஒரு கிளை திருநள்ளாறு சாலையில். வருத்தமோ சந்தோஷமோ, அது அவர்களே எடுத்த முடிவு.

இரண்டு வருட இடைவெளியில் நடந்தவை இவை. நடுவில் ஒரு பாக்குநீரிணை. இந்தப் பக்கம் ஆளைக் கேட்டு நாடு. அந்தப் பக்கம் ஆளை எண்ணி நாடு. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்திருக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துச் சொன்ன பாடப்புத்தகம் ஒன்றும் என் கைக்கு வரவில்லை.

இதை நான் குழுவில் சொன்னபோது, காத்மாண்டுவுக்கு ஓட்டுப் போட்ட ஆறு பேரில் ஒருவர் பேசாமல் இருந்தார். அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். பெயர் போடவேண்டாம் என்றார், போடவில்லை. மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பத்து வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். அங்கே அவரைக் "கள்ளத்தோணி" என்றார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் "சிலோன்காரன்" என்றார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் இதையெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கண்டியில போயி நான் ஓட்டல்ல ரூம் போட்டுத் தங்கறதா சார்? எங்கம்மா கொழுந்து பறிச்ச மலைய, டிக்கெட் வாங்கிட்டுப் பாக்கறதா? அதான் நேபாளம்னு சொன்னேன்" என்றார்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வற்புறுத்தவும் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். காத்மாண்டு நல்ல ஊர், அங்கேயே போகலாம் என்றும் சொன்னேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மூன்று நாள் கழித்துக் கடற்கரை நடையில் அவரே கேட்டார். "யாழ்ப்பாணத்துல இருந்து கண்டிக்கு ரோடு எப்படிப் போகுது?" ஏ-9 சாலை, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "மாத்தளையில முத்துமாரியம்மன் கோயில் ரோட்டு மேலேயே இருக்கும். அங்க ஒரு பத்து நிமிஷம் வண்டிய நிறுத்தணும். கூட யாரும் வரவேணாம், நான் மட்டும் போயிட்டு வருவேன். அதுக்குச் சம்மதம்னா கண்டிக்கே போவோம்" என்றார்.

ஆக, முடிவு கண்டி. என் சரித்திரப் பாடத்தால் அல்ல, அவர் சொன்னதால்.

போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓட ஆரம்பித்தது. நம் ஊரிலிருந்து நாகை 20 கிலோமீட்டர்தான். கடல் பயணம் சுமார் நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள். இலங்கைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம், இணையவழிப் பயண அனுமதியும் எடுக்க வேண்டும். பெரஹரா ஆடி, ஆவணியில் வரும். கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அறை வாடகை ஏறிவிடும், கூட்டமும் நெரிக்கும். முழங்கால் வலிக்காரர்கள் மாசி, பங்குனியில் போவது நல்லது. தலதா மாளிகையோடு நிறுத்திவிடாமல் எதிரே இருக்கும் பத்தினி தேவாலயத்துக்கும், கடலாதெனியவுக்கும், ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கும் போங்கள்.

காத்மாண்டுப் பிரியர்கள் கோபப்பட வேண்டாம், அது அடுத்த வருடம். கயிலை வரை போன அம்மையாரையே இறைவன் தெற்கே திருவாலங்காட்டுக்குத்தானே திருப்பி அனுப்பினார்!

பாஸ்போர்ட் வரத் தாமதமானால் அதற்குள் வேலூர் போய் வாருங்கள். கண்டியின் கடைசி அரசரை 1816-ல் அங்கேதான் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். திரும்பிப் போகாமலே 1832 ஜனவரி 30-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு எட்டு போகலாம்.

என் பழைய மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெட்டியில் 1962-ல் தாத்தா எழுதிக் கொடுத்த, அல்லது எழுதிக் கொடுக்காமல் வைத்திருந்த பிரெஞ்சுக் காகிதம் இருக்கலாம். அக்கம்பக்கத்தில் ராமேஸ்வரம் வழியாக வந்த குடும்பம் இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், எந்த வருடம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். சொன்னால், தேதியோடு எழுதுங்கள்.